ஆறாவது பெயர்

மிசிசாகா, அனிஷினாபே, சிப்பேவா, ஹோடினோஷோனி, வென்டாட். அஞ்சு பெயர். அஞ்சாவதோடு வாயை மூடிவிட வேண்டும், அவ்வளவுதான் காரியம். இரண்டு கிழமையாய் உடுப்பு மடிக்கிறபோதும் பருப்பு அவிகிறபோதும் பஸ்ஸில் யன்னலோரம் இருக்கிறபோதும் இதையேதான் முணுமுணுத்துக்கொண்டு திரிகிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு ஹோடினோஷோனி முதல் மூன்று நாளும் வாய்க்குள் மீன்முள் மாதிரித்தான் கிடந்தது. பிறகு பழகிவிட்டது, இப்போது நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் வரும். அதில்லைப் பிரச்சினை. வென்டாட் என்று முடித்ததும் நாக்கு நிற்கிறதில்லை, சறுக்கில் ஏறி விட்ட பிள்ளை மாதிரித் தன்பாட்டில் வழுக்கிப்போய் இன்னொரு பெயரில் விழுகிறது. சுலைஹா. முதல்முறை குசினிக்குள் அப்படி வந்தபோது அகப்பையைக் கீழே போட்டுவிட்டேன். முப்பது வருசத்துக்கு மேலாய் வாயால் சொல்லாத பெயர், கொச்சிக்காய்த்தூள் போத்தலுக்கு முன்னால் நின்று வந்தது. சரி, ஒருக்காத்தான் என்று நினைத்தால் அடுத்தமுறையும் வந்தது, அதற்கடுத்தமுறையும் வந்தது. இன்றைக்கு இந்த ஸ்காபரோ மண்டபத்தில் எங்கள் முதியோர் சங்கத்துப் பொங்கல் விழா, முந்நூறு சனம் இருக்கும், மேடையில் கரும்பு கட்டியிருக்கிறார்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிடுவார்கள், ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று அந்த அஞ்சு பெயரையும் நான் சொல்ல வேண்டும். ஆறாவது வந்துவிட்டால்? வராது. வந்தால்? இந்த மண்டபத்தில் அந்தப் பெயர் தெரிந்த ஆள் என்னைத் தவிர ஒருவர்தான், என்ரை மனுசன் சபாநடேசன், மூன்றாவது வரிசையில் இருந்து கால் ஆட்டிக்கொண்டிருக்கிறார். நான் பேச்சாளர் வரிசையில் முன்னுக்கு இருந்தாலும் அந்தக் கால் ஆடுகிறது எனக்குத் தெரியும், கதிரை கிறீச்சிடுகிற சத்தம் வேறு ஒருவருடையதும் இல்லை. உள்ளங்கை சுணைக்கிறது. காலமையிலிருந்து அரித்து அரித்துச் சுணைக்கிறது. குளிருக்குத் தோல் காய்ந்திருக்கும், கிறீம் பூச மறந்துபோனேன்.

ஏன் என்னைப் போட்டார்கள் என்று கேட்டால் அதுவும் ஒரு கதைதான். போன மாதம் நூலகத்தின் கீழ்த்தட்டு அறையில் நிர்வாகக் கூட்டம். செயலாளர் வதனி கையில் ஒரு தாளோடு வந்தாள், இங்கே பிறந்து வளர்ந்தவள் மாதிரித் தெரியும், ஆனால் தமிழ் எங்களைவிடத் தெளிவு. எல்லா விழாவிலும் இப்போது நில ஒப்புகை வாசிக்கிறார்கள், வெள்ளைக்காரன் வர முதல் இந்த மண் எந்தெந்தச் சனத்துடையது என்று அந்த அஞ்சு பெயரையும் சொல்லி ஒப்புக்கொள்கிறது, நாங்களும் வாசிக்க வேண்டும் என்றாள். எங்கள் தலைவர் தில்லையம்பலம் ஊரில் விதானையாய் அரசாங்கத்துக்குக் கிராமம் பார்த்தவர், கனடாவுக்கு வந்து முப்பது வருசமாகியும் எல்லாருக்கும் அவர் விதானையார்தான். கதிரையில் பின்னுக்குச் சாய்ந்து, பிள்ளை, இது எங்களுக்குத் தேவையில்லாத வேலை என்று தொடங்கினார். பறிச்சவன் வெள்ளைக்காரன், வாசிக்கிறதென்றால் அவன் வாசிக்கட்டும், ஊரில எங்கடை வீடு வளவுக்குள்ளை இலங்கை ஆமி இருக்கிறான், அவன் தன்ரை விழாவில எங்கடை பெயரை வாசிக்கிறானோ என்று கேட்டார். கொஞ்சப்பேர் கை தட்டினார்கள். வதனி விடவில்லை, மண் பறிகொடுத்த ஆக்கள் நாங்களே வாசிக்காவிட்டால் வேறை ஆர் வாசிக்கிறது ஐயா என்றாள். பின்னாலிருந்து ஒருவர், வாசிச்சுப்போட்டுத் திருப்பிக் குடுக்கப் போறமே, சும்மா பம்மாத்து என்றார். இன்னொருவர் வடைக்கு உளுந்து எத்தனை கிலோ என்று இடையில் கேட்டார், அதுதான் முக்கியம் போல. சண்டை ஒரு மணித்தியாலம் போனது. அப்போதுதான் விதானையார் மேசையைத் தட்டிச் சொன்னார், "இஞ்சை இருக்கிற ஆராவது ஆரின்ரையும் ஒரு பிடி மண்ணை எடுத்தனீங்களோ? சொல்லுங்கோ பாப்பம்." எல்லாத் தலையும் இல்லை என்று ஆடியது. என் தலையும் ஆடியது. நான் ஆட்டவில்லை, அது ஆடியது. அந்த ஆட்டம்தான் பாருங்கோ, அன்றையிலிருந்து கழுத்துக்குள் பிடித்துக்கொண்டு நிற்கிறது, படுத்தாலும் போகிறதில்லை, திரும்பிப் படுத்தாலும் போகிறதில்லை. கடைசியில் வாசிக்கலாம், ஆனால் ஆர் வாசிக்கிறது என்று வந்தது. வதனி வாசித்தால் விதானையாருக்குக் கோபம், விதானையார் வாசித்தால் வாசிக்கிறதைவிட்டுப் பிரசங்கம் வைப்பார். ஆரோ சொன்னார்கள், தவமக்கா வாசிக்கட்டும், குரல் கணீரென்று இருக்கும், எழுதிக் குடுத்ததை மட்டும் வாசிப்பா, ஒரு கரைச்சலும் வராது. எல்லாருக்கும் சந்தோசம். கரைச்சல் வராத ஆள் நான்.

குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிடுகிறார்கள். வதனிதான் ஒலிவாங்கியில் நிற்கிறாள். முதல் திரிக்கு விதானையாரும் மனுசியும், இரண்டாவது திரிக்கு ஒரு டொக்டர், மூன்றாவதுக்கு எங்கள் விருந்தாளி டோரீன். டோரீன் என் கதிரைக்குப் பக்கத்துக் கதிரை. இந்த மண்ணின் பூர்வகுடி ஆள், என் வயசுதான் இருக்கும், நரைத்த பின்னல் ஒன்று, காதில் மணி கோத்த பெரிய தோடு. வந்ததும் கையை நீட்டித் தன் பெயரைச் சொன்னா, நானும் என் பெயரைச் சொன்னேன், தவமலர் என்று மூன்றுதரம் சொல்லிப் பார்த்து நாலாம் தரம் சரியாய்ச் சொன்னா. இருபத்திரண்டு வருசம் பாண் பேக்கரியில் நின்று பொறுக்கின இங்கிலிசுதான் என்னுடையது, அதற்கு மேல் எங்களிடம் கதை இல்லை, வடை தின்றோம், இரண்டாவது வடையையும் தின்னலாமோ என்று கேட்டா, தின்னுங்கோ என்றேன். நல்ல மனுசி. இப்போது செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று வதனியைக் கேட்டுக் கழற்றிவைத்துவிட்டு, மெழுகுதிரியை இரண்டு கையாலும் பிடித்து, திரி பற்றும்வரைக்கும் மூச்சுவிடாமல் நிற்கிறா. என் மடியில் கைப்பை. கைப்பைக்குள் சிவப்புத் துணியில் முடிந்த புகையிலை. அதுவும் ஒரு சண்டையால் வந்தது. அந்தச் சனத்திடம் ஒரு காரியம் கேட்கிறதென்றால் கேட்க முதல் புகையிலை கொடுக்க வேண்டுமாம், அவர்கள் அதை வாங்கினால்தான் பிறகு நாங்கள் கேட்கலாமாம், வதனி விசாரித்து அறிந்து துணியும் அவளே வெட்டி முடிந்துகொண்டு வந்தாள். விதானையார் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கடை முறை எங்களுக்கு, கௌரவிப்பெல்லாம் கடைசியில், பொன்னாடை போர்த்தேக்கை புகையிலையையும் சேர்த்துக் குடுப்பம் என்றார். சந்தனமும் திருநீறும் இருக்கிற தட்டில் புகையிலை வைக்கேலாது என்றும் சொல்லிவிட்டார். அதனால் விழா முடியும்வரைக்கும் வைத்திரும் என்று என் பைக்குள் போட்டார்கள். கேட்கிறதுக்கு முதல் கொடுக்கிறதை எல்லாம் முடிந்து சனம் சோத்துக்கு எழும்பினபிறகு கொடுக்கப் போகிறோம். எங்கள் பழக்கம் அப்படி. எடுக்கிறதை எடுத்து இருக்கிறதை இருந்து எல்லாம் முடிந்தபிறகு ஒரு சால்வை. பையின் சிப்பைப் பூட்டினாலும் புகையிலை மணம் வருகிறது. எனக்கு இந்த மணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை, எங்கள் ஊர் வசாவிளானில் நான் கலியாணம் கட்டும்வரைக்கும் புகையிலைக் கன்றுக்குத்தான் தண்ணி இறைத்தேன், கெட்டு என்கிற பக்கத் தளிரை முறித்துமுறித்துக் கையில் அந்தப் பால் பிடித்துக் கறுத்துப்போய், எத்தனை தரம் கழுவினாலும் சோறு கைக்கும். ஒருவேளை அந்தச் சுணைதான் கையில் இது. இல்லை. துணியை நான் தொடவேயில்லை, வதனிதான் பைக்குள் போட்டவள். அப்ப என்ன சுணை இது?

எல்லாரும் எழும்புகிறார்கள். கனடாக் கீதம். எனக்கு முதல் இரண்டு வரிதான் தெரியும், மற்றதுக்கு வாயை அசைப்பேன், பக்கத்தில் பார்த்தேன், டோரீன் வாயைக்கூட அசைக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு கரும்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா. தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் ஷெல் விழத் தொடங்கினபோது நாங்கள் வசாவிளானை விட்டு வந்தோம், அடுப்பில் வைத்த தண்ணியை இறக்காமல் வந்தோம். கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு வகுப்பறையில் ஒன்பது குடும்பம், மேசைகளை அடுக்கி மறைப்புக் கட்டிக்கொண்டு, ஒரு கிணறு. மகள் யசோதினிக்கு ஆறு வயசு, அவளுக்குச் சிரங்கு. ஐப்பசி முப்பதாம் திகதி, யாழ்ப்பாணப் பட்டணத்து முஸ்லிம் சனத்தை, எங்கடை பேச்சில் சோனகர், இயக்கம் வெளிக்கிடச் சொல்லிவிட்டது என்று கதை வந்தது. இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்களாம், உடுத்த உடுப்போடு போனார்களாம். பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு ஒரு கிழவர் பீடியை நிலத்தில் தேய்த்துவிட்டு எழும்பிப் போனார். அந்தக் காலத்தில் கதைக்கிற கதையா அது? இப்போது மட்டும் கதைக்கலாமா? இந்த மண்டபத்தில் அந்தக் கதையை எடுத்தால் அரைவாசிப்பேர் எழும்புவார்கள், துரோகி என்ற சொல் இன்னும் பழசாகவில்லை, நேற்றுச் செய்த மாதிரிப் புத்தம்புதிசாய் இருக்கிறது. சரி. பிறகு ஒருநாள் இவர் ஒரு சாவியோடு வந்தார். வீடு ஒன்று கிடைச்சிருக்கு என்றார். ஆர் தந்தது என்று நான் கேட்கவில்லை. ஆரின்ரை வீடு என்றும் கேட்கவில்லை. யசோதினியின் சிரங்குக்கு நல்ல தண்ணி வேண்டும், அதைத்தான் நினைத்தேன், கிணறு இருக்கோ என்று மட்டும் கேட்டேன். கிணறு இருக்கு என்றார். சோனகத் தெருவில் உள்ளொழுங்கை, பச்சைக் கதவு. கதவைத் திறந்ததும் எனக்குப் பட்டது என்னவென்றால் வீடு கூட்டிக் கிடந்தது. இரண்டு மணித்தியாலத்தில் ஒருத்தி வீட்டைக் கூட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

கீதம் முடிந்து இருந்தோம், உடனே தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மறுபடியும் எழும்ப வேண்டும், இந்த முழங்காலுக்கு இதெல்லாம் சரிவராது. அலுமாரிக்குள் தலையணை உறை இரண்டு மடித்துக் கிடந்தது. ஒரு மூலையில் பச்சை நூலில் பெயர் தைத்திருந்தது, சின்ன எழுத்து, சுலைஹா. எங்களிடம் தலையணை உறை ஏது, எடுத்துப் போட்டுக்கொண்டோம். நான் பெயர் இருக்கிற பக்கத்தைக் கீழே திருப்பிப் போடுவேன். நித்திரையில் எப்படியோ மேலே வந்துவிடும், எழும்பிப் பார்த்தால் யசோதினியின் கன்னத்தில் அந்த நூலின் அச்சு இருக்கும். ஒருநாள் இருந்து ஊசியால் நூலைப் பிடுங்கினேன். ஒவ்வொரு தையலாய்ப் பிடுங்கி முடித்துவிட்டு வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஊசி போன ஓட்டையெல்லாம் அப்படியே இருக்கு, அப்படியே வாசிக்கலாம். அந்த வீட்டில் தையல் மெசின் ஒன்று, கறுப்பு நிறம், தங்க எழுத்து, கையால் சுற்றுகிறது. அதை மூடி வைத்திருந்த துணியைக்கூட நீலப் பூவில் வடிவாய்த் தைத்திருந்தாள். இப்போது சரியாய் நினைவு வருகிறது, அந்தத் துணியின் ஒரு பக்கத்துக் கரை பிரிந்திருந்தது, பிறகு தைப்பம் என்று விட்டிருப்பாள். கடிதம் வந்தது அடுத்த ஆண்டு ஆவணியில். எங்கெங்கோ சுற்றி, ஆரார் கையாலோ வந்து, உறை மூலையெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. மேலே வீட்டு விலாசம் மட்டும், பெயர் இல்லை. உள்ளே, வீட்டிலிருக்கும் சகோதரிக்கு என்று தொடங்கியிருந்தாள். பொம்பிளை ஒருத்திதான் இருப்பாள் என்று எப்படி அறிந்தாளோ. புத்தளத்தில் ஒரு கொட்டிலில் இருக்கிறோம், சுகம் என்று எழுதியிருந்தாள். போ என்று எழுதவில்லை, வருவோம் என்றும் எழுதவில்லை. கிணத்துக் கப்பியில் கயிறு அறுந்தால் பின்பக்கத்து அறையில் புதுசு இருக்குது, மெசினுக்கு மாதம் ஒருக்கா எண்ணெய் விடுங்கோ, விடாட்டி இறுகிப்போகும், எண்ணெய்க்குப்பி இழுப்பறைக்குள்ளை இருக்கு. இப்படிக்கு சுலைஹா. அவ்வளவுதான். நான் அதைக் கிணற்றடியில் நின்று வாசித்தேன், எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கிறதுக்குள் வாளி சரிந்து தண்ணி காலில் ஓடியது.

பதில் எழுத இருந்தேன். பொய் சொல்லவில்லை, இருந்தேன். யசோதினியின் கொப்பியில் ஒற்றைத் தாள் கிழித்து, அன்புள்ள சுலைஹா என்று எழுதினேன், அந்த ஹாவை இரண்டுதரம் அழித்தழித்து எழுதினேன். பிறகு என்ன எழுதுகிறது? உங்கடை வீட்டில் சுகமாய் இருக்கிறோம் என்றா? இவர் வந்து பார்த்துவிட்டு, எழுதினால் எங்களை ஆர் எவர் என்று விசாரிப்பினம், பேசாமல் இரும் என்றார். பேசாமல் இருந்தேன். ஒற்றையை மடித்து மெசின் இழுப்பறைக்குள் எண்ணெய்க்குப்பிக்குக் கீழே வைத்தேன். ஆனால் எண்ணெய் விட்டேன், அதை ஒருவரும் இல்லையென்று சொல்லேலாது, மாதம் பிறந்தால் முதல் வேலை அதுதான், சீமெண்ணெய்க்கும் சாப்பாட்டு எண்ணெய்க்கும் சனம் வரிசையில் நின்ற காலத்தில் அந்த மெசினுக்கு மட்டும் நான் எண்ணெய் தவறவிட்டதில்லை. யசோதினிக்கு முதல் பள்ளிக்கூடச் சட்டை அதில்தான் தைத்தேன். இப்போது வசாவிளானில் எங்கள் வளவு முள்ளுக்கம்பிக்கு உள்ளே இருக்கிறது, அஞ்சு வருசத்துக்கு முதல் போய் வெளியிலிருந்து பார்த்தோம், எங்கள் கிணற்றில் ஆரோ ஒரு ஆமிப் பெடியன் குளிக்கிற சத்தம் கேட்டது. பார்க்கேலாது, கேட்கத்தான் ஏலும். வாளி விழுகிற சத்தத்தில் கப்பிக்கு எண்ணெய் விட்டு எவ்வளவு காலமென்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கு நான் ஒரு கடிதம் போட்டால், கப்பிக்கு எண்ணெய் விடு ராசா என்று எழுதினால், அவன் பதில் போடுவானோ? போடவேண்டாம். எண்ணெய் விட்டால் காணும், அது போதும். விட்டால் காணுமா? காணுமென்றால் எனக்கேன் கழுத்துப் பிடிக்கிறது, எனக்கேன் கை சுணைக்கிறது?

அகவணக்கம். ஒரு நிமிசம் எல்லாரும் தலை குனிந்து நிற்கிறார்கள், போரிலே செத்த எங்கடை சனத்துக்காக. எனக்கும் அதில் ஆக்கள் இருக்கிறார்கள், அண்ணன் இருக்கிறான், அண்ணனுக்காகத்தான் இந்த நிமிசம், ஆனால் அண்ணனுடைய முகம் வரவில்லை, சைக்கிள்தான் வருகிறது. தொண்ணூற்றைந்து, அந்தச் சனம் போன அதே ஐப்பசி, அதே முப்பதாம் திகதி. ஆமி கிட்ட வந்துவிட்டான், பட்டணம் முழுக்கத் தென்மராட்சிக்குப் போகச் சொல்லி ஒலிபெருக்கியில் சொன்னார்கள், மழை, ரோட்டில் சனம் சனத்தை முட்டிக்கொண்டு அரையடி அரையடியாய் நகருகிறது. எங்களிடம் ஒரு சைக்கிள். அதில் அரிசி, ஒரு உடுப்புப் பை, பிறகு மெசின். கரியரில் மெசின் கட்டியிருந்தது. வன்னியில் ஒரு வருசம் அதில் தைத்துத்தான் சோறு தின்றோம், பிறகு கிளிநொச்சியிலிருந்தும் ஓடினபோது ஒரு வேப்பமரத்துக்குக் கீழே அதை விட்டுவிட்டு ஓடினோம். நீலப்பூத் துணியால் மூடிவிட்டுத்தான் ஓடினேன், அது நல்லாய் ஞாபகம். ஞாபகம் இல்லாதது மற்றது. மெசினைச் சைக்கிளில் கட்டுகிறபோது நான் என்ன செய்துகொண்டு நின்றேன்? இவர் கட்டினார். நான் அப்போது யசோதினிக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். இல்லை, அவள் செருப்போடுதான் வந்தவள். அப்ப கதவு பூட்டிக்கொண்டிருந்திருப்பேன், பச்சைக் கதவு, மழைக்கு ஊதிப்போய்ப் பூட்ட வராது, ஓம் அதுதான், கதவுதான் பூட்டிக்கொண்டு நின்றேன். வேண்டாம், அது அவளின்ரை, விட்டிட்டு வாருங்கோ என்று சொன்னேனா? சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் ஞாபகம் இருக்குமே. இவரைக் கேட்கலாம், இவருக்கு எல்லாம் ஞாபகம், அதுதான் என்ரை கரைச்சல். நான் ஆருக்காவது ஒரு கதை சொல்லத் தொடங்கினால் இவர் இடையில் வந்து விழுவார், அது செவ்வாய் இல்லை புதன், அது மாடு இல்லை நாம்பன், அது மூண்டு பேர் இல்லை ரெண்டு பேர் என்று. ஐம்பது வருசமாய் என் ஒரு கதையையும் முழுசாய் முடிக்க விட்டதில்லை. ஆனால் அந்த வீட்டைப் பற்றி மட்டும் நாங்கள் இரண்டுபேரும் ஒருக்காலும் கதைத்ததில்லை, அதனால் அதில் திருத்துகிறதுக்கும் ஒன்றும் இருக்கவில்லை. இன்றைக்குக் காலமை கோட்டுக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டு நின்றவர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார், "இஞ்சேரும், பேப்பரில இருக்கிறதை மட்டும் வாசியும்." எனக்குச் சீலைத் தலைப்பு கையிலிருந்து நழுவிவிட்டது. குசினிக்குள் நான் முணுமுணுத்ததையெல்லாம் இந்த மனுசன் கேட்டிருக்கிறார். ஆறாவது பெயரையும் கேட்டிருக்கிறார். நிமிசம் முடிகிறது, கதிரைகள் கிறீச்சிடுகின்றன, ஆரோ இருமுகிறார், வதனி தாளைப் பார்க்கிறாள். இப்போது என்னைக் கூப்பிடப்போகிறாள். மிசிசாகா, அனிஷினாபே, சிப்பேவா. முருகா, அஞ்சு. அஞ்சு காணும்.

தவமலர் சபாநடேசன் அவர்கள் என்று கூப்பிட்டாள். எழும்பினேன், தாள் ஒரு கையில், பை மறுகையில். மேடைக்குப் போகிறதென்றால் டோரீனைக் கடந்துதான் போக வேண்டும், முழங்காலை ஒதுக்கி வழி விட்டா. கடந்துபோயிருக்கலாம். இரண்டு அடி கடந்தும்விட்டேன். ஏனோ கால் நின்றுவிட்டது, அந்த மணம்தான் நிற்பாட்டியது என்று நினைக்கிறேன், பையைத் திறந்து சிவப்புத் துணி முடிச்சை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். விதானையார் மேடையிலிருந்து கையைக் காட்டுகிறார், இப்ப இல்லை, இப்ப இல்லை, கடைசியில். டோரீன் முடிச்சைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. என்ன கேட்கிறீர் என்று மெதுவாய்க் கேட்டா. பேக்கரி இங்கிலிசில் என்ன இருக்கு, பாண், தட்டு, சூடு, நேரம். "நான் வாசிக்கலாமோ?" என்று கேட்டேன். முப்பது வருசத்துக்கு மேல் ஒருத்தியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, வேறை ஒருத்தியிடம் வந்து நிற்கிறது. டோரீன் உடனே தலையாட்டவில்லை. கொஞ்சம் யோசித்தா, உண்மையாகவே யோசித்தா. கேட்டால் இல்லையென்றும் சொல்லலாம் என்று எனக்கு அதுவரைக்கும் விளங்கவில்லை, பாருங்கோ. பிறகு கையை நீட்டி முடிச்சை வாங்கிக்கொண்டா. மேடைப்படி நாலு. ஒலிவாங்கி என் உயரத்துக்கு இல்லை, வதனி கீழே இறக்கிவிட்டாள். தாளை வாசித்தேன். நாங்கள் கூடியிருக்கும் இந்த நிலம் என்று தொடங்கினேன், குரல் கணீரென்றுதான் வந்தது, அஞ்சு பெயரும் ஒரு முள்ளும் இல்லாமல் வந்தது. வென்டாட். தாளில் அதற்குப் பிறகு நன்றி என்று இருந்தது. வாய் நன்றிக்குப் போகவில்லை. நான் பிடிக்கவும் இல்லை. சறுக்கிலே விட்ட பிள்ளையை ஆர் பிடிக்கிறது.

"சுலைஹா," என்றேன். "யாழ்ப்பாணத்தில, சோனகத் தெருவில, உங்கடை வீட்டில நாங்கள் அஞ்சு வருசம் இருந்தனாங்கள். உங்களைக் கேக்கேல்லை. உங்கடை கடிதம் கிடைச்சது. மெசினுக்கு மாசம் ஒருக்கா எண்ணெய் விட்டனான். போகேக்கை அதையும் கொண்டு போயிட்டன்." விதானையாரின் வாய் திறந்து திறந்தபடி நிற்கிறது. பின்வரிசையில் ஒருவர் எழும்பிக் கோட்டை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போகிறார், பிறகு இன்னொருவர். தவமக்கா காணும் இறங்குங்கோ என்று ஆரோ சொன்னார்கள். இறங்கத்தான் பார்க்கிறேன், படி தெரியவில்லை. அப்போது மூன்றாவது வரிசையில் அந்தக் கதிரை கிறீச்சிட்டது, எனக்கு நல்லாய்த் தெரிந்த சத்தம், இவர் எழும்பிவிட்டார். இவரும் போகப்போகிறார் என்று நினைத்தேன். போகட்டும், பஸ்ஸில் நான் தனிய வருவேன், பஸ் நம்பர் எனக்குத் தெரியும். இவர் போகவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டு நின்றார், கால் ஆடவில்லை. என்னைப் பார்க்காமல் கரும்பைப் பார்த்துச் சொன்னார், வீட்டில் கதை திருத்துகிற அதே குரலில்.

"கொண்டு போயிட்டன் எண்டு சொல்லுறது பிழை. மெசினைக் கட்டினது நான். அவ கயிறு பிடிச்சவ."

கயிறு. ஓம். கதவு இல்லை, சப்பாத்தும் இல்லை. பின்பக்கத்து அறையில் இருந்த புதுக்கயிறு, கிணற்றுக்கென்று அவள் எழுதியிருந்த கயிறு. தும்பு எல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது, மழைக்கு இன்னும் முறுகுகிறது, இறுக்கிப் பிடியும் என்கிறார், நான் இறுக்கிப் பிடிக்கிறேன், உள்ளங்கை இரண்டும் சுணைக்கிறது.